விளக்கெண்ணெயில் ஓடிய பந்தயப் படகுகள்

மெஹ்சாணா, பனாஸ்காண்டா பக்கம் போய்வரும் நம்மவர்கள் சாலையோரத்து ஆமணக்கு வயல்களைக் கவனித்திருப்பார்கள். உலகத்திலேயே ஆமணக்கு மிக அதிகமாக விளையும் நாடு இந்தியா. அதில் பெரும்பங்கு விளைவது நாம் வேலை தேடி வந்து வேரூன்றிய இந்த குஜராத்தில். ஆனால் அந்த விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு நம்ம ஊரில் என்ன மரியாதை? குழந்தைக்கு வயிறு சுத்தமாகக் கொடுப்பார்கள். சூடு தணிய உள்ளங்காலில் தடவுவார்கள். பருப்பு வேகும்போது ஒரு சொட்டு விடுவார்கள். மற்றபடி, சொன்ன வேலையை அசைந்து அசைந்து செய்பவனைத் திட்டுவதற்கு அந்தப் பெயர் பயன்படும்: "சரியான விளக்கெண்ணெய்!"

இப்படி மந்தத்துக்கே உவமையாகிவிட்ட எண்ணெய்தான், தண்ணீரின் மேல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் கூடுதலாகப் பறந்த பந்தயப் படகுகளின் எஞ்சின்களைக் காப்பாற்றியது என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அது ஏன், எப்படி என்று விளக்குவதோடு, அந்தப் பழைய எஞ்சின்களை இன்றும் ஓட்டுகிறவர்கள் எரிபொருளோடு நடத்தும் போராட்டத்தையும் சொல்லலாம் என்று இருக்கிறேன். அமெரிக்க ஏரிகளில் நடக்கும் அந்தப் போராட்டத்துக்கும், நம் வீட்டு வாசலில் மூடி போட்டு நிற்கும் பழைய ஸ்கூட்டருக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் பார்ப்போம்.

நான் தொழிலால் மெக்கானிக்கல் இன்ஜினீயர். பம்பு, வால்வு, பைப்லைன் என்று 30 வருஷத்துக்கு மேல் வடோதராவில் காலம் தள்ளியவன். மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறார்கள். அங்கே போகும்போதெல்லாம், ஏரிக்கரைகளில் பழைய படகு எஞ்சின் பிரியர்கள் கூடும் இடங்களை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். கீழே வருவதில் பாதி பாடப்புத்தகத்தில் படித்தது. மீதி அந்தக் கரைகளில் கண்ணால் பார்த்தது.

எஞ்சின் வெளியே, படகு அந்தரத்தில்

படகின் பின்பலகையில் வெளியே மாட்டி, வேண்டாதபோது கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடிய எஞ்சினுக்கு அவுட்போர்டு என்று பெயர். நம்ம ஊர் அரசாங்கத் திட்டங்களில் இதை 'வெளிப்பொருத்தும் இயந்திரம்' என்று எழுதுவார்கள். ராமேஸ்வரத்திலோ நாகப்பட்டினத்திலோ வள்ளங்களில் பார்த்திருப்பீர்கள்.

இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் என்று ஒருவரைச் சுட்டுவது கடினம். ஆனால் ஊருக்கெல்லாம் பரப்பியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து, சிறுவயதில் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிவர வெயிலில் ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்தாராம். திரும்புவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டதாம். அந்த எரிச்சலில்தான் எஞ்சின் யோசனை வந்தது என்று அந்த ஊரில் கதை சொல்லுவார்கள். கதை எப்படியோ, 1909-இல் மில்வாக்கி நகரில் அவர் கம்பெனி தொடங்கி எஞ்சின் விற்றது நிஜம்.

அதே மாநிலத்துக்காரர் கார்ல் கீக்காஃபர். 1939-இல் சீடர்பர்க் என்ற சிற்றூரில் ஒரு நொடித்துப்போன தொழிற்சாலையை வாங்கினார். உள்ளே ஒரு பெரிய வியாபார நிறுவனம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய 300 அவுட்போர்டு எஞ்சின்கள் குவிந்து கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டு அதே நிறுவனத்துக்கு விற்றார். மெர்குரி என்ற பெயர் அங்கிருந்துதான் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மெர்குரி எஞ்சின்கள் பந்தயத் தண்ணீரை ஆண்டன. 1958-இல் ஹூபர்ட் என்ட்ராப் என்பவர் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியில் மெர்குரி எஞ்சின் பூட்டிய படகில் மணிக்கு 107 மைலுக்கு மேல், அதாவது 170 கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டிச் சாதனை படைத்தார்.

இந்த வேகம் சாதாரணப் படகில் வராது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்குத் தண்ணீரே எதிரி. ஹைட்ரோபிளேன் என்பது அதைத் தவிர்க்கும் உபாயம். படகின் முன்பகுதியில் இரண்டு பக்கமும் சிறு பாதங்கள் போல இரு மேடைகள். வேகம் பிடித்ததும் அந்த இரண்டு பாதங்களும் பின்னால் புரொப்பெல்லரும் மட்டுமே தண்ணீரைத் தொடும். மற்ற உடம்பு முழுவதும் காற்றில். இந்த மூன்று புள்ளி அமைப்பு 1930-களில் அமெரிக்காவில் உருவாகிப் பரவியது. சிறிய வகுப்புப் படகுகளை இரண்டு பேர் தூக்கிக் கரையேற்றிவிடலாம். ஓட்டுகிறவர் உட்காருவதில்லை, முழங்காலிட்டுக் குனிந்து இருப்பார்.

இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. படகு லேசானது; அலையில் துள்ளும்; வளைவில் சரியும். அந்தத் துள்ளலுக்கு நடுவில் எஞ்சினுக்கு எரிபொருள் ஒரு கணமும் தடையில்லாமல் போய்ச் சேர வேண்டும். போகவில்லை என்றால் என்ன ஆகும்?

ஒரே குழாயில் சோறும் குழம்பும்

கார் எஞ்சினில் பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். அடியில் தனியாக எண்ணெய்த் தொட்டி இருப்பதால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. பழைய அவுட்போர்டு எஞ்சின்கள் அப்படியல்ல. அவை டூ-ஸ்ட்ரோக். பெட்ரோல் பங்கில் "டூ-டி ஆயில் எவ்வளவு சார்?" என்று கேட்டு ஊற்றிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். பிஸ்டன், பேரிங், கனெக்டிங் ராடு எல்லாவற்றுக்கும் வழுக்கல் தருவது அந்தக் கலவையில் உள்ள எண்ணெய்தான். உள்ளே ஆவியாகும் எரிபொருள் கொஞ்சம் சூட்டையும் இறக்கும். ஆக ஒரே குழாய் வழியாகச் சோறு, குழம்பு, தண்ணீர் மூன்றும் வருகிறது. குழாய் விக்கினால் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுபோகும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். முழு வேகத்தில் ஒரு பந்தய எஞ்சின் மணிக்கு 15 லிட்டர் கலவை குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடிக்குச் சுமார் 4 மில்லி. ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. நிமிஷத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. இரண்டு சிலிண்டர் இருந்தால், ஒவ்வொரு வெடிப்புக்கும் கிடைப்பது அரைத் துளிக்கும் குறைவான கலவை. 1950-களின் வழக்கப்படி 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்றால், அந்த அரைத் துளியில் எண்ணெய் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

இப்போது அரை நொடி எரிபொருள் தடைப்படுகிறது. பிஸ்டன் 50 தடவை மேலும் கீழும் போய்வரும், போதிய எண்ணெய் இல்லாமல். கலவையில் காற்று மிகுந்தால் சூடும் ஏறும். அலுமினிய பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். மெக்கானிக்குகள் இதை 'சீஸ் ஆயிடுச்சு' என்பார்கள். ஸ்கூட்டரில் சீஸ் ஆனால் பின்சக்கரம் இழுத்துக்கொள்ளும். கிளட்சைப் பிடித்துத் தப்பிக்கலாம். ஹைட்ரோபிளேனில் கிளட்ச் கிடையாது. புரொப்பெல்லர் திடீரென்று நிற்கும். படகு மூக்கைத் தண்ணீரில் குத்தும். ஓட்டுகிறவர் முன்னால் வீசப்படுவார். பின்னால் இன்னும் நாலு படகுகள் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கும். ஒரு குழாயில் சிக்கிய தூசி ஒரு ஆளின் முதுகெலும்பைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம். அதனால்தான் அங்கே கரையில் பந்தயத்துக்கு முன்னால் எரிபொருள் குழாயை ஒவ்வொரு அங்குலமாக விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.

துள்ளும் படகில் தொட்டி எங்கே?

ஆரம்ப கால எஞ்சின்களில் தொட்டி எஞ்சினின் தலைமேல் இருக்கும். பெட்ரோல் தன் எடையால் கீழே கார்புரேட்டருக்கு இறங்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். 30 சென்டிமீட்டர் உயரத்துப் பெட்ரோல் தரும் அழுத்தம் மிகச் சொற்பம். நின்ற தண்ணீரில் அதுவே போதும். ஆனால் படகு அலையில் எகிறி 20 சென்டிமீட்டர் கீழே விழுகிறது என்று வையுங்கள். விழும் நேரம் 0.2 நொடி. அந்த நேரத்தில் படகிலுள்ள எதற்குமே எடை இல்லை; விண்வெளி வீரர்கள் மிதப்பது போல. பெட்ரோலுக்கும் எடை இல்லை. எடை இல்லாத பெட்ரோல் எப்படி இறங்கும்?

கார்புரேட்டருக்குள் இன்னொரு தொல்லை. அங்கே ஒரு சின்னக் கிண்ணம். அதில் ஒரு மிதவை. கிண்ணம் நிரம்பினால் மிதவை எழும்பி ஊசி வால்வை மூடும், குறைந்தால் திறக்கும். நம் வீட்டு சிண்டெக்ஸ் தொட்டியில் இருக்கிற பால் வால்வு மாதிரி. படகு துள்ளும்போது மிதவையும் துள்ளும். ஊசி தப்பான நேரத்தில் திறந்து கிண்ணம் வழியும். அல்லது தப்பான நேரத்தில் மூடிப் பட்டினி போடும். வளைவில் கிண்ணத்துப் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஜெட்டின் வாய் காற்றை உறிஞ்சும். தொட்டிக்குள் குலுங்கிக் குலுங்கி நுரையும் கட்டும். காபி ஆற்றும்போது வருகிற நுரை போலத்தான். அந்தக் குமிழிகள் குழாய்க்குள் புகுந்தால் பெட்ரோல் இருந்தும் இல்லாத கதை.

இதற்குக் கண்ட வழிகள் சுவாரசியமானவை. முதலாவது, தொட்டியை எஞ்சினுக்கு முன்னால் படகுக்குள் வைப்பது. படகு சீறிப் பாயும்போது பெட்ரோல் பின்னோக்கித் தள்ளப்படும். பஸ் கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிற மாதிரி. அந்தத் தள்ளலே எஞ்சினை நோக்கி எரிபொருளை அனுப்பும். தொட்டிக்குள் உறிஞ்சு குழாயின் வாயைப் பின்மூலையில் வைத்துவிட்டால் கடைசிச் சொட்டு வரை கிடைக்கும். வேகத்தைக் குறைக்கும்போது இதே விசை எதிராக வேலை செய்யும். அதற்கு ஒருவழி வால்வு ஒன்று வைக்க வேண்டும்.

இரண்டாவது, அழுத்தத் தொட்டி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் அடிவயிற்றில், அதாவது கிராங்க்கேஸில், பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் காற்று அழுத்தப்படும். அந்த அழுத்தத்தை ஒரு குழாயில் ஒருவழி வால்வு மூலம் தொட்டிக்கு அனுப்பினால், இன்னொரு குழாயில் பெட்ரோல் தானே ஏறி வரும். எஞ்சினே தனக்குப் பம்பு. 1940-களின் கடைசியில் தொடங்கி சாதாரண அவுட்போர்டுகளிலும் இரட்டைக் குழாய்த் தொட்டிகள் வந்தன. குறை என்ன? மூடி வாஷர் கொஞ்சம் கசிந்தாலும் அழுத்தம் போச்சு, எரிபொருளும் போச்சு. குழாய் கழன்றாலோ, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும்.

மூன்றாவது, டயஃப்ரம் பம்பு. அதே கிராங்க்கேஸ் துடிப்பைக் கொண்டு ஒரு மெல்லிய தோலை முன்னும் பின்னும் ஆட்டி பெட்ரோலை இழுப்பது. தொட்டியில் அழுத்தம் வேண்டாம்; ஒரே குழாய் போதும். 1960-ஐ ஒட்டி இதுவே பொதுவழக்கமாகிவிட்டது.

எரிசாராயம் ஏன்?

அங்கே பந்தயங்களில் இரண்டு ஜாதி உண்டு. அமெரிக்கப் படகுப் பந்தயச் சங்கம் 1903-இல் தொடங்கியது. அதன் 'ஸ்டாக்' வகுப்புகளில் கடையில் கிடைக்கும் எஞ்சினைப் பெரிதாக மாற்றாமல், பெட்ரோலில் ஓட்ட வேண்டும். மற்றொரு பிரிவில் மெத்தனால் ஊற்றி ஓட்டுவார்கள். அவர்களைச் செல்லமாக 'ஆல்கி' என்பார்கள். பெர்லினில் கோனிக் என்ற ஜெர்மானியர் செய்த எஞ்சின்களும், அமெரிக்காவில் குவின்சி என்ற ஊரில் மெர்குரியை உருமாற்றிச் செய்த எஞ்சின்களும் இந்தப் பிரிவில் புகழ்பெற்றவை.

மெத்தனாலில் பெட்ரோலைவிடச் சக்தி அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குறைவு. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 44 மெகாஜூல்; மெத்தனாலில் சுமார் 20 தான். பிறகு எதற்கு? எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவுதான் கட்டுப்பாடு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.5 கிலோ போதும். அதனால் அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனால் ஊற்றலாம். கணக்கு ஏறத்தாழச் சமமாகிவிடும்.

லாபம் குளிர்ச்சியில் வருகிறது. கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கும் அல்லவா? ஒரு கிலோ மெத்தனால் ஆவியாக, பெட்ரோலைவிட 3 மடங்கு வெப்பத்தை உறிஞ்சும். அளவும் இரண்டு மடங்குக்கு மேல். மொத்தத்தில் சுமார் 7 மடங்கு குளிர்ச்சி. குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும். அதிகம் உள்ளே போகும். தட்டல் சத்தம் இல்லாமல் கம்ப்ரஷனையும் ஏற்றலாம். குதிரைத்திறன் கூடுவது இப்படித்தான்.

ஆனால் எரிபொருள் மாறினால் வழி முழுவதும் மாற வேண்டும். நொடிக்கு 4 மில்லி போன குழாயில் 9 மில்லி போக வேண்டும். கார்புரேட்டர் ஜெட்டின் பரப்பு 2.2 மடங்கு, அதாவது விட்டம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஜெட்டை மட்டும் பெரிதாக்கினால் போதுமா? மிதவை ஊசியின் துவாரம், குழாய், பில்டர், தொட்டி வாய் எல்லாம் பெரிதாக வேண்டும். ஒரு இடத்தில் இடுக்கு இருந்தாலும் கடைசி நேர்ப்பாதையில், வேகம் உச்சத்தில் இருக்கும்போது, கிண்ணம் காலியாகும். புதிதாக மெத்தனாலுக்கு மாறுகிறவர்களுக்குக் கரையில் உள்ள பெரியவர்கள் சொல்லும் முதல் பாடம் இதுதான்: கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்னால் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, நிமிஷத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளந்து பார். இதைவிட எளிய, பயனுள்ள சோதனையை என் தொழிலில் நான் கண்டதில்லை.

மெத்தனாலுக்கு வேறு குணங்களும் உண்டு. குளிரில் லேசில் கிளம்பாது. கொஞ்சம் பெட்ரோல் காட்ட வேண்டும். ஈரத்தை உறிஞ்சும். அலுமினியத்தையும் மெக்னீசியத்தையும் அரிக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. 1981-இல் இண்டியானாபொலிஸ் கார் பந்தயத்தில் ரிக் மியர்ஸ் என்ற ஓட்டுநர் எரிந்துகொண்டிருந்தார். சுற்றி நின்றவர்களுக்குத் தீயே தெரியவில்லை. அதோடு இது கொடிய விஷம். 2022 ஜூலையில் நம் குஜராத்தின் போடாட் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் ஏழைக் குடும்பங்களை அழித்த கள்ளச்சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே பந்தயக்காரர்கள் கையுறை போட்டு, பூட்டிய கேனில், பெரிய எழுத்தில் பெயர் எழுதி வைக்கிறார்கள்.

விளக்கெண்ணெய் வந்த வழி

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் எரிபொருளோடு கலந்தே ஆக வேண்டும் என்றேன். சாதாரண மினரல் எண்ணெய் பெட்ரோலின் சகோதரன். பெட்ரோலில் உடனே கரையும். மெத்தனாலில் கரையாது. கலக்கி வைத்தால் சிறிது நேரத்தில் தனித்தனியாகப் பிரியும். பிரிந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

ஆமணக்கு எண்ணெயின் அமைப்பு மற்ற தாவர எண்ணெய்களிலிருந்து வேறானது. அதில் பெரும்பகுதி ரிசினோலிக் அமிலம். அந்த மூலக்கூறில் ஆல்கஹாலில் இருப்பது போலவே ஒரு ஹைட்ராக்சில் கிளை உண்டு. அதனால் அது ஆல்கஹாலோடு ஒட்டி உறவாடும். பெட்ரோலில்தான் சரியாகக் கரையாது. முதல் உலகப் போரின் விமானங்களில், சிலிண்டரோடு சேர்ந்து சுழலும் ரோட்டரி எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய் ஊற்றியதற்குக் காரணமும் இதுவே: பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிக்கொண்டு போகாது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்து வந்ததுதான்.

இரண்டாவது சிறப்பு, சூட்டில் அது நடந்துகொள்ளும் விதம். மினரல் எண்ணெய் அதிகச் சூட்டில் மெலிந்து எரிந்து மறையும். விளக்கெண்ணெய் சூடேறும்போது கெட்டிப்பட்டு உலோகத்தின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். அரை நொடி எரிபொருள் தடைப்பட்டாலும் அந்தப் படலம் பிஸ்டனைக் கொஞ்சம் தாங்கும். 'சரியான விளக்கெண்ணெய்' என்று நாம் திட்டும் அந்தப் பிசுபிசுப்பே அங்கே உயிர் காத்தது.

அதே குணம் மறுநாள் தொல்லையும் தரும். அப்படியே விட்டுவிட்டால் கோந்து போல இறுகி, ரிங்குகளைப் பிடித்துக்கொள்ளும். மீந்த மெத்தனால் உலோகத்தை அரிக்கும். அதனால் பந்தயம் முடிந்ததும் மெத்தனாலை வடித்துவிட்டு, பெட்ரோலும் பொருத்தமான எண்ணெயும் கலந்து கொஞ்ச நேரம் ஓட்டிக் கழுவுவார்கள். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று யாரும் ஒத்திப்போடுவதில்லை.

கேட்காமல் வந்த ஆல்கஹால்

மேலே சொன்னது தெரிந்தே ஆல்கஹால் ஊற்றியவர்களின் கதை. இன்றைய சங்கடம் வேறு. அமெரிக்காவில் பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பது 2000-களில் பரவலாகிவிட்டது. 1940-களில், 1950-களில் செய்த எஞ்சின்கள் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல.

முதலில் அடிபட்டது மிதவை. அந்தக் காலத்து மிதவைகள் பலவும் தக்கையால் ஆனவை. பெட்ரோல் ஊறாமல் இருக்க மேலே அரக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள். நம் ஜார்க்கண்டில் மரத்தில் பூச்சிகள் சுரக்கும் அதே அரக்கு. பெட்ரோலில் அரக்கு கரையாது. ஆல்கஹாலில்? மேஜைக்குப் பாலிஷ் போடுகிறவர் அரக்கை எதில் கரைக்கிறார் என்று பாருங்கள், ஸ்பிரிட்டில்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் பூச்சை மெதுவாகக் கரைக்கும். தக்கை ஊறும், கனமாகும், மூழ்கும். ஊசி வால்வு திறந்தே கிடக்கும். எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிப் புகையும். கரைந்த அரக்கு போய் ஜெட்டை அடைக்கும். இப்போது எபாக்ஸி பூசியோ, பித்தளை மிதவை வைத்தோ சமாளிக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களும் டயஃப்ரங்களும் ஊதிப்போயின அல்லது விறைத்துப்போயின. சில பழைய படகுகளில் கண்ணாடி இழைத் தொட்டியின் பிசினே கரைந்து, எஞ்சினுக்குள் கருப்புத் தாராகப் படிந்தது.

இதைவிட ஆபத்து தண்ணீர். எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் ஆசை. 10 சதவீதக் கலவை, 15 டிகிரி வெப்பத்தில், சுமார் அரை சதவீதத் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால், அல்லது ராத்திரி குளிர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு தனி அடுக்காகத் தொட்டியின் அடியில் இறங்கிவிடும். உறிஞ்சு குழாயின் வாய் எங்கே இருக்கிறது? அடியில். நாம் கலந்த எண்ணெய் எங்கே போகும்? பெரும்பாலும் மேலே உள்ள பெட்ரோலோடு. ஆக எஞ்சினுக்கு முதலில் கிடைப்பது எண்ணெய் இல்லாத சாராயத் தண்ணீர்.

ஏரிக்கரையில் ஒரு பெரியவர் எனக்கு இதைக் கண்ணெதிரே காட்டினார். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 பங்கு தண்ணீர், 90 பங்கு பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வைத்தார். சிறிது நேரத்தில் அடியில் இருந்த தண்ணீர் அடுக்கு 10-ஐத் தாண்டி ஏறி நின்றது. கூடியது அத்தனையும் பெட்ரோலிலிருந்து இறங்கிய எத்தனால். எத்தனால் கலக்காத பெட்ரோல் என்று எழுதிய பங்கில் வாங்கினாலும், இந்தச் சோதனை செய்யாமல் அவர் தொட்டியில் ஊற்றுவதில்லையாம். அவருடைய எஞ்சின் அவரைவிட நாலைந்து வயதுதான் இளையது.

நம் வீட்டு வாசலில்

நமக்கு இதில் என்ன? இந்தியாவில் 2022 ஜூனில் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தை எட்டியது. 2025-இல் 20 சதவீதமானது. கரும்பு விவசாயிக்கும் அன்னியச் செலாவணிக்கும் நல்லது என்று சொல்லப்படும் கொள்கை. அதன் நன்மை தீமையை விவாதிப்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் அப்பா ஓட்டிய லாம்ப்ரெட்டா, கல்யாணத்தின்போது வாங்கிய பழைய சேத்தக், கல்லூரி நாளின் ஆர்.எக்ஸ்.100 என்று ஏதாவது ஒன்றை ஞாபகார்த்தமாக வைத்திருப்பவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர். அவையெல்லாம் டூ-ஸ்ட்ரோக். அந்த அமெரிக்கப் படகுக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் அப்படியே நமக்கும் பொருந்தும். எனக்குத் தெரிந்தவரை சில யோசனைகள்:

ஒன்று, 20 சதவீதக் கலவைக்கு அதே காற்றோடு சுமார் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய ஜெட்டில் கலவை அந்த அளவுக்கு மெலியும், சூடு ஏறும். விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்திருந்தால் ஜெட்டை ஒரு அளவு கூட்டலாமா என்று கேளுங்கள். காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நிம்மதி.

இரண்டு, பெட்ரோல் குழாய், வாஷர், காக் ரப்பர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். குழாயைக் கழற்றி வரத்தை ஒரு பாட்டிலில் அளந்து பார்ப்பதும் நல்லது. திறந்த வெளியில், பீடி சிகரெட் இல்லாத இடத்தில்.

மூன்று, ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை, ஊருக்குப் போகிறோம் என்றால் தொட்டியையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டுப் போங்கள். மழைக்காலத்தில் தொட்டி மூடியின் வாஷரைக் கட்டாயம் பாருங்கள். நாள்பட்ட பெட்ரோலோடு புதியதைக் கலந்து சமாளிக்க வேண்டாம்.

நாலு, இதைப் படித்துவிட்டுச் சமையலறை விளக்கெண்ணெயை ஸ்கூட்டரில் ஊற்றிவிடாதீர்கள்! அது ஆல்கஹாலின் தோழன். பெட்ரோலில் சரியாகக் கரையாது, கோந்தும் கட்டும். ஸ்கூட்டருக்கு டூ-டி எண்ணெயேதான், கம்பெனி சொன்ன அளவில்.

பழைய எஞ்சினைக் காப்பாற்றுவதற்குப் பெரிய பணமோ, அரிய கருவியோ தேவைப்படவில்லை என்பதுதான் அந்த ஏரிக்கரைகளில் நான் பார்த்தது. ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு அளவுப் பாட்டில், குழாயைத் தடவிப் பார்க்கும் பொறுமை, அவ்வளவே. அவர்கள் ஒவ்வொருவரும் அடுத்த தலைமுறைக்கு அதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதைப் பார்த்தேன். நம் பிள்ளைகளும் இந்த தீபாவளி விடுமுறையில் தாத்தாவின் ஸ்கூட்டரை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். கை அழுக்கானால் சோப்பு இருக்கிறது.